மருந்துக்கு முதலில் சாவது யார்?

உயிரியல் முறையில், அதாவது பூச்சியைத் தின்னும் உயிர்களைக் கொண்டே, பூச்சியைக் கட்டுப்படுத்தலாம் என்று பேச்சு எடுத்தாலே, "எந்தப் பூச்சியை வாங்கி விடணும், ஏக்கருக்கு எத்தனை?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் வாங்கி விடுவது இரண்டாவது வேலை என்பது என் உறுதியான கருத்து. வயலில் ஏற்கெனவே இருக்கிற நன்மை செய்யும் பூச்சிகளைக் கொல்லாமல் விடுவதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் இரண்டாவதற்குப் போனால் வாங்கி விட்டதும் சாகும், கொடுத்த காசும் போகும்.

நெல்லில் வரும் புகையானைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். முட்டையை இலையுறையைக் கீறி உள்ளே செருகி வைத்துவிடும். நாம் மருந்து அடித்தால் வெளியே இருக்கிற புகையான் சாகும். உறைக்குள் பத்திரமாக இருக்கும் முட்டைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதே தூரில் மேலும் கீழும் ஓடி இரை தேடும் ஓநாய்ச் சிலந்திக்கு ஒளிய இடமில்லை. ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை பிடித்துத் தின்னும் சிலந்தி அது. புகையான் முட்டையைத் தேடிக் குத்தி உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி ஒன்று உண்டு, அதுவும் போய்விடும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது, தின்பதற்கு அங்கே யாரும் இல்லை. புகையானுக்கு ஒரு தலைமுறை வளர ஒரு மாதம்கூட வேண்டாம். சிலந்தி அந்த வேகத்தில் பெருகாது. அப்புறம் என்ன, "போன தடவை அடித்தது கேட்கவில்லை, இன்னும் கடுமையான மருந்தாகக் கொடுங்கள்" என்று மறுபடி கடைக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு நாடே இதை அனுபவித்துப் பார்த்துத் திருந்தியிருக்கிறது. இந்தோனேசியாவில் அரசே பெரும் மானியம் கொடுத்துப் பூச்சிமருந்தை ஊக்குவித்தது. நெல் வயல்களில் புகையான் அடங்குவதற்குப் பதில் பெருகிக்கொண்டே போனது. 1986இல் அதிபர் சுகார்த்தோ ஒரு ஆணை போட்டு, நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் மானியமும் நிறுத்தப்பட்டது. மருந்து குறைந்தால் விளைச்சல் விழும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். விழவில்லை. விவசாயிகளை வயலுக்கே கூட்டிப்போய், வாரா வாரம் தூரைப் பிரித்துப் பார்த்து, தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் பூச்சி எத்தனை என்று எண்ணவைத்த வயல்வெளிப் பள்ளிகள் அங்கே 1989இல்தான் தொடங்கின. பின்னாளில் பல நாடுகளுக்கு அந்த முறை பரவியது.

அதே நாட்டில், ஜாவா நெல் வயல்களில் செய்து 1996இல் வெளியான ஓர் ஆய்வை நான் எல்லோரிடமும் சொல்வேன். நட்ட புதிதில், பயிரைத் தின்னும் பூச்சி இன்னும் வந்தே சேராத நாட்களில், சிலந்தியும் மற்ற இரைவிழுங்கிகளும் எதைத் தின்று உயிர் வாழ்கின்றன? மண்ணில் மட்கும் தழையையும் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் தின்னும் சின்னச் சின்னக் கொசுவினங்கள், துள்ளும் பூச்சிகள் இவற்றைத்தான். பயிருக்கு இவை எந்தக் கெடுதலும் செய்வதில்லை. மட்கு போட்ட வயலில் இவை கூடின, இவற்றைத் தின்று இரைவிழுங்கிகளும் கூடின. பூச்சி வருவதற்கு முன்பே அதைத் தின்கிறவை வயலில் தயாராக நிற்கின்றன என்பது எவ்வளவு பெரிய விஷயம்! "எதற்கும் இருக்கட்டும்" என்று தொடக்கத்திலேயே அடிக்கும் ஒரு மருந்து இந்த ஏற்பாட்டை அடியோடு கலைத்துவிடுகிறது. அந்த முதல் மருந்துதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் மோசமானது.

அந்த மருந்து தேவையும் இல்லை. இளம் நெல்லில் இலைச்சுருட்டுப்புழு இலையைச் சுருட்டி வெளுக்கவைத்தால் பார்க்கப் பதறத்தான் செய்யும். ஆனால் அந்த வயதில் பயிர் புது இலையும் தூரும் விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். வியட்நாமின் மேக்கோங் படுகையில் 1994 முதல், விதைத்த முதல் 40 நாள் பூச்சிமருந்து வேண்டாம் என்று ஓர் இயக்கமே நடந்தது. மருந்து அடித்த பகுதியையும் அடிக்காத பகுதியையும் விவசாயிகளே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவைத்தார்கள். பார்த்தவர்கள் நிறுத்தினார்கள்.

நல்ல பூச்சியை நாம் கொல்வது மருந்தால் மட்டும் நடப்பதில்லை, அடையாளம் தெரியாமலும் நடக்கிறது. பொறிவண்டு என்றால் சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி என்று குழந்தைக்கும் தெரியும். அதன் புழுவை எத்தனை பேருக்குத் தெரியும்? கறுத்த உடம்பு, முதுகில் ஆரஞ்சுத் திட்டு, ஆறு கால், முள் முள்ளாக, பார்க்கக் குட்டி முதலை மாதிரி இருக்கும். செடிச்சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினியைத் தின்று குவிப்பது பெரும்பாலும் இந்தப் புழுதான். இதையே பயிரைத் தின்னும் புழு என்று நினைத்து நசுக்குவதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. கிரிப்டோலீமஸ் என்று ஒரு பொறிவண்டு, மாவுப்பூச்சியைத் தின்பது. அதன் புழு உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழையோடு மாவுப்பூச்சி போலவே இருக்கும், அதைவிடப் பெரிதாக, நன்றாக ஓடும். மாவுப்பூச்சி பெருத்துவிட்டது என்று அதன் மேலேயே மருந்தை ஊற்றுகிறோம். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பேறி, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். முதுகில் வட்டமாக ஒரு ஓட்டை இருந்தால், உள்ளே வளர்ந்த குளவி வேலையை முடித்து வெளியேறிவிட்டது என்று பொருள். அந்தச் செடியை அன்றைக்கு விட்டுவிடலாம்.

சரி, வெளியிலிருந்து கொண்டுவந்து விடுவது வேண்டாமா என்றால், வேண்டும், இடம் பார்த்து. கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சுச் செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, 1888இல் ஆல்பர்ட் கோபெலே என்பவரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். செதில்பூச்சி அங்கிருந்துதான் வந்தது. அவர் கப்பலில் அனுப்பிய வெடாலியா பொறிவண்டுகள் சில நூறுதான். இரண்டு ஆண்டுக்குள் செதில்பூச்சி அடங்கிவிட்டது. எல்லோரும் மகிழ்ச்சியோடு சொல்லும் கதை இது. 1940களில் அதே கலிபோர்னியாவில் டிடிடி என்ற பூச்சிமருந்தை அடிக்கத் தொடங்கியதும் வெடாலியா செத்து, அரை நூற்றாண்டாக அடங்கிக் கிடந்த செதில்பூச்சி திரும்பிப் பெருகியதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

இடம் பார்த்து என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கரும்பு வண்டை ஒழிக்க 1935இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கரும்புத் தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு கரும்பின் மேலே இருந்தது, தேரை தரையில் இருந்தது. வண்டு குறையவில்லை. கண்டதையும் தின்று பெருகிய தேரையின் விஷத்தால், அதைப் பிடித்துத் தின்ற அந்த நாட்டு உயிரினங்கள் செத்தன. இன்றுவரை தேரையை ஒழிக்க முடியவில்லை. இதற்கு நேர்மாறாக, ஆப்பிரிக்காவில் மரவள்ளியை மாவுப்பூச்சி அழித்தபோது, பூச்சியியல் அறிஞர் ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான குழுவினர் மாவுப்பூச்சியின் பூர்வீகமான தென் அமெரிக்காவிலிருந்து, அதை மட்டுமே தேடி முட்டையிடும் ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து, தனியே அடைத்து வைத்துச் சோதித்து, 1981இல் வயலில் விட்டார்கள். ஒரு கண்டத்தின் உணவுப்பயிர் பிழைத்தது. 1995இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. எதைத் தின்னும் என்பதைவிட, வேறு எதையெல்லாம் தின்னும் என்று கேட்பதே இங்கே முக்கியம். அந்தச் சோதனையை அவசரம் என்ற பெயரில் சுருக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது.

டிரைக்கோகிரம்மா முட்டை அட்டைக்கும் இதே கவனம் வேண்டும். அரை மில்லிமீட்டர் அளவேயுள்ள குளவி அது. அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். ஒட்டுண்ணி ஏறிய முட்டை கறுத்துவிடும். அப்படிப்பட்ட முட்டைகளை ஒட்டிய அட்டையை வெயில் படாமல் இலையின் அடியில், சாயங்காலமாகப் பார்த்துக் கட்ட வேண்டும், எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டிய இரண்டாம் நாள் மருந்து அடித்துவிட்டு "அட்டை கேட்கவில்லை" என்று சொல்வது அந்தக் குளவிக்குச் செய்யும் அநியாயம்.

இதெல்லாம் சொன்னாலும், இயற்கை எதிரியால் எல்லாம் ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். அது பூச்சியைப் பூஜ்யமாக்காது. கொஞ்சம் பூச்சி மிஞ்சினால்தான் அதுவே உயிர் வாழும். வைரஸ் நோயைப் பரப்பும் வெள்ளை ஈ, இலைப்பேன் போன்றவற்றில் கொஞ்சம் மிஞ்சினாலே பயிர் போய்விடும். அங்கே எதிர்ப்புத்திறன் உள்ள ரகமும், நோய் கண்ட செடியை உடனே பிடுங்குவதும், சில நேரம் மருந்தும் தேவைதான். அப்போதும் கண்டபடி எல்லாவற்றையும் கொல்லும் மருந்தை வயல் முழுக்க அடிக்காமல், அந்தப் பூச்சிக்கான மருந்தை, தேவையான இடத்தில் மட்டும் அடிக்கலாமே.

நான் கேட்பது இரண்டே இரண்டு. ஒவ்வொரு மருந்துப் புட்டியிலும் எதைக் கொல்லும் என்று எழுதுவதற்குப் பக்கத்திலேயே சிலந்தி, பொறிவண்டு, ஒட்டுண்ணிக் குளவி இவற்றுக்கு எவ்வளவு கெடுதல் என்றும் அதே அளவு எழுத்தில் எழுத வேண்டும். பூச்சிகளைக் காட்டும் விளக்கப் படங்களில் பொறிவண்டோடு அதன் முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றையும் போட வேண்டும். வயலில் நம் கையில் சிக்கி நசுங்குவது பெரும்பாலும் இந்த மூன்றும்தான்.