வாளையார் லாரியும் புதன்கிழமை மீட்டிங்கும்

மாதத்துக்கு ஒருவராவது இன்பாக்ஸில் வந்து கேட்கிறார்கள்: "அண்ணா, ஐட்டில் 4 எழுதலாமா? எழுதினால் வேலையில் ஏதாவது மாறுமா?" ஐட்டில் (ITIL) என்பது ஐடி சேவைகளை எப்படி நடத்துவது என்று சொல்லும் வழிகாட்டிப் புத்தகங்கள், அதற்குப் பரீட்சையும் சர்டிபிகேட்டும் உண்டு. 4 என்பது அதன் வெர்ஷன். பதினான்கு வருஷமாக, கம்ப்யூட்டர் கோளாறு என்று வரும் புகார்களைக் கவனிக்கும் சர்வீஸ் டெஸ்கில் குப்பை கொட்டுகிறவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன்.

எனக்கு ஊர் கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம், வேலை கோயம்புத்தூரில். மாமா ஒருவர் லாரி ஓட்டினார். அந்தக் காலத்தில் வாளையார் செக்போஸ்ட் என்றாலே அவருக்குத் தலைவலி. வரி கட்டிய சரக்கு, எல்லாப் பேப்பரும் கையில், ஆனாலும் வரிசையில் நின்றே ஆக வேண்டும். கிளீனர் பில்லை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போவான். மாமா வண்டிக்கடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு வடிப்பார். சோறு வெந்து, தின்று, தூங்கி எழுந்தாலும் முன்னால் நின்ற லாரி அங்கேயே நிற்கும்.

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது, அந்த வரிச் சோதனை போனது. சோதனையே ஒழிந்துவிடவில்லை. அடுத்த வருஷம் ஏப்ரலில் இ-வே பில் வந்தது. சரக்கு கிளம்பும் முன்பே விவரம் பதிவாகிவிடும், சந்தேகம் இருந்தால் வழியில் மடக்கிப் பார்ப்பார்கள். எல்லா லாரியும் எல்லா நாளும் நிற்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் ஆபீஸ். எங்களிடம் 'கேப்' என்றால் இரண்டு. ராத்திரி ஷிப்ட் முடிந்து வீட்டில் கொண்டுவிடுவது ஒன்று. சிஸ்டத்தில் எந்த மாற்றம் செய்யவும் அனுமதி தரும் கமிட்டி, சேஞ்ச் அட்வைசரி போர்டு (CAB) என்று புதன்கிழமை மூன்று மணிக்குக் கூடி, எதையும் நகரவிடாதது இன்னொன்று.

சில வருஷம் முன்பு ஒரு கிளையண்டின் பில்லிங் போர்ட்டலுக்கு எஸ்எஸ்எல் சர்டிபிகேட் (தளம் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் சான்று) சனிக்கிழமை நள்ளிரவில் காலாவதி. பையன் ஒருவன் வியாழக்கிழமை கவனித்து, மாற்ற அனுமதி கேட்டு சேஞ்ச் டிக்கெட் போட்டான். 'அடுத்த கேப் புதன்கிழமை' என்று பதில் வந்தது. சரி, எமர்ஜென்சி சேஞ்ச் போடலாம் என்றால் இரண்டு பேர் அப்ரூவ் செய்ய வேண்டும். ஒருவர் செய்தார். இன்னொருவர் குருவாயூரில் கல்யாணத்தில் இருந்தார், போன் எடுக்கவில்லை. ஞாயிறு காலை போர்ட்டலைத் திறந்தவர்களுக்கெல்லாம் சிவப்பு எச்சரிக்கை. போன் விடாமல் அடித்தது. கடைசியில் சர்டிபிகேட் மாற்ற ஆன நேரம் பத்து நிமிஷம். காரணம் என்று ரிப்போர்ட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'இன்ஜினியர் உரிய நேரத்தில் தொடரவில்லை.' அந்தப் பையன் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான், நல்லது.

இதில் கொடுமை, 'ஸ்டாண்டர்டு சேஞ்ச்' என்பது 2007-இல் வந்த ஐட்டில் வெர்ஷன் 3 புத்தகத்திலேயே இருக்கிறது. ஆபத்து குறைவு, பலமுறை செய்து பழகியது, செய்முறை எழுதி வைத்திருக்கிறது என்றால் முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிடு, ஒவ்வொரு தடவையும் மீட்டிங்குக்கு இழுக்காதே. எங்கள் ஆபீஸில் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. புத்தகத்தில் இருந்த படிவங்களை மட்டும் அச்சுப் பிசகாமல் எடுத்துக்கொண்டோம்.

2019 பிப்ரவரியில் ஐட்டில் 4 வந்தது. ஐந்து புத்தகம், 26 பிராசஸ் என்றிருந்தது 34 பிராக்டிஸ், 7 வழிகாட்டும் கொள்கைகள் என்றானது. சேஞ்ச் மேனேஜ்மென்ட் என்ற பேர் முதலில் சேஞ்ச் கன்ட்ரோல் ஆகி, பிறகு சேஞ்ச் எனேபிள்மென்ட் ஆனது. பேர் மாற்றத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். உட்கார்ந்து படித்தால் விஷயம் இருக்கிறது. எல்லா மாற்றத்துக்கும் ஒரே மேஜையில் கையெழுத்து வேண்டாம், மாற்றத்தின் தன்மையைப் பார்த்து யார் அனுமதிப்பது என்று முடிவு செய் என்கிறார்கள். பக்கத்து சீட்டுக்காரர் சரிபார்த்தாலே சில வேலைக்குப் போதும்.

ஏழு கொள்கைகளில் எனக்குப் பிடித்தது, இருக்கும் இடத்திலிருந்து தொடங்கு என்பது. எங்கள் ஆபீஸ் செய்தது நேர் எதிர். ஓடிக்கொண்டிருந்த டூலைத் தூக்கிப்போட்டு, புதிது வாங்கி, புதன்கிழமை மீட்டிங் இன்வைட்டில் மட்டும் 'சேஞ்ச் எனேபிள்மென்ட்' என்று தலைப்பை மாற்றினார்கள். அதே பன்னிரண்டு பேர், அதே மூன்று மணி.

ஐட்டில் பரீட்சை சர்டிபிகேட் விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. 1980-களின் கடைசியில் பிரிட்டிஷ் அரசாங்கம் தன் இலாகாக்களுக்காக எழுத ஆரம்பித்தது இது. 2013-இல் ஆக்ஸலாஸ், 2021-இல் பீப்பிள்சர்ட் என்று கம்பெனிகளிடம் கை மாறியது. இப்போது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுமாம். டிரைவிங் லைசென்ஸே இதைவிட அதிக நாள் ஓடுகிறது. கம்பெனி பணம் கட்டினால் எழுதுங்கள். சொந்தக் காசென்றால், வேலை மாறும் உத்தேசம் இருந்தால் மட்டும் எழுதுங்கள், அதுவும் ஃபவுண்டேஷன் என்ற முதல் படிப் பரீட்சை போதும்.

அப்புறம், போன ஜனவரியில் ஒரு வேலை செய்தோம். எஸ்எஸ்எல் சர்டிபிகேட் புதுப்பிப்பது, டிஸ்க் இடம் கூட்டுவது என்று அடிக்கடி வரும் பதினோரு மாற்றங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் படிப்படியாகச் செய்முறை எழுதி, ஸ்டாண்டர்டு சேஞ்ச் பட்டியலில் போட்டோம். மேனேஜர் முழுக்கப் படித்துப் பார்த்தார். நல்ல மனுஷன்தான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்:

"அப்பப் புதன்கிழமை நாம என்னத்தைங்க பேசறது?"