'போயட்' கப்பல் பெர்முடா முக்கோணத்தில் மறையவில்லை

"போர்வீரர்களோடு சென்ற 'போயட்' கப்பலை பெர்முடா முக்கோணம் விழுங்கியது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

1944இல் கலிபோர்னியாவில் நீரில் இறக்கப்பட்ட இது, 'ஜெனரல் ஓமர் பண்டி' என்ற பெயரில் அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிச் சென்றது உண்மைதான். ஆனால் 1964இல் விற்கப்பட்டு சரக்குக் கப்பலாகிவிட்டது. காணாமல் போனது அப்புறம், 1980 அக்டோபரில். அப்போது கப்பலில் இருந்தது மக்காச்சோளமும் 34 மாலுமிகளும். பிலடெல்பியாவிலிருந்து எகிப்தின் போர்ட் சயீதுக்கு, அட்லாண்டிக்கைக் கிழக்காகக் கடக்கும் பாதை அது. முக்கோணம் எனச் சொல்லப்படும் பகுதியோ வெகு தெற்கே இருக்கிறது. அந்த நாட்களில் வழியில் கடும் புயல் வீசியது.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை அறிக்கையில் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்த 34 பேரின் குடும்பங்களுக்கு இது வெறும் மர்மக் கதை இல்லை. தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.