மே மாதத்தில் வந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள்

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் எங்கள் வீட்டில் இதே வழக்குதான். பெங்களூர்ச் சித்தப்பாவும் கோயம்புத்தூர் மாமாவும் சாப்பிட்டுக் கை கழுவியதும் தொடங்கிவிடுவார்கள், எந்த ஊரில் வாழ்வது சுகம் என்று. பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிறது. இதில் இவர்களுடைய சாமர்த்தியம் என்ன இருக்கிறது? கடைசியில் இருவரும் ஒன்றுசேர்ந்து, “இது வேலூரா, வெயிலூரா?” என்று சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெயிலே இல்லை என்றா சொல்கிறேன்? கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. சென்னைக்குக் கிடைக்கும் கடற்காற்று நமக்கு இல்லை. சுற்றிலும் பாறைக் குன்றுகள்; பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் கக்குகின்றன. நேற்று இரவு ஒன்பது மணிக்கு மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தேன், தண்ணீர் கையைச் சுட்டது. அம்மா மொட்டை மாடியில் இரண்டு குடம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார். பாயை எடுத்து வருவதற்குள் தரை காய்ந்துவிட்டது.

ஆனால் மார்கழிக் காலையில் இவர்கள் ஒரு நாளாவது கோட்டை அகழியோரம் நடந்திருக்கிறார்களா? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, டீக்கடை டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்திருக்கிறார்களா? அந்த மாதங்களில் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பொங்கலுக்குக் கூப்பிட்டால் லீவு இல்லை என்கிறார்கள். மே மாதத்தில் பத்து நாள் தங்கிவிட்டு, ஆண்டு முழுவதற்கும் எங்கள் ஊர் இப்படித்தான் என்று பேசுவது என்ன நியாயம்?