டிராக்டர் டீசலுக்கு ஜி.ஐ. தொட்டி ஏற்றதல்ல

எண்ணூர்ப் பக்கத்து உப்புக்காற்றில் துருப்பிடிக்காது என்பதால், டிராக்டருக்கான டீசலை வீட்டில் ஜி.ஐ. தொட்டியில் (துத்தநாகம் பூசிய இரும்புத் தொட்டி) சேமிப்பதே நல்லது என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது பாதிதான் சரி. அந்தத் துத்தநாகப் பூச்சு வெளித்துருவைத் தடுக்கும். ஆனால் உள்ளே அது டீசலிலுள்ள அமிலக் கூறுகளோடு வினைபுரிந்து, சோப்பைப் போன்ற பிசுபிசுத்த கசடாகி, முதலில் ஃபில்டரையும் பிறகு இன்ஜெக்டரின் நுண்துளைகளையும் அடைத்துவிடும். வெளியே பெயின்ட் அடித்த சாதாரண இரும்பு பேரலே போதும். மணலி, மீஞ்சூர் ஈரப்பதத்தில் அதன் அடியில் தண்ணீர் சேரும் என்பதால், கைப்பம்பின் உறிஞ்சுகுழாயை அடியிலிருந்து சில அங்குலம் உயர்த்தி வைத்து, சேர்ந்த தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். ஒரு பேரலுக்கே உரிமம் வேண்டும் என்று அவர் பயமுறுத்தியிருப்பதும் பொருந்தாது: 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி, எந்தக் கலனும் 1,000 லிட்டர் கொள்ளளவைத் தாண்டாதவரை, ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டர் டீசல் வரை அச்சட்டத்தின் உரிமம் தேவையில்லை. பெட்ரோலுக்கு இந்த அளவு பொருந்தாது.