பனி உருகினால் மீன் பெருகுமா?

"ஆர்க்டிக்கில் பனி உருகுவது நல்லதுக்குத்தான், மிதவை உயிரிகள் 57 சதவீதம் கூடிவிட்டன, இனி மீனுக்குப் பஞ்சமில்லை" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

57 என்ற எண் பொய்யில்லை. 1998 முதல் 2018 வரை அங்கே தாவர மிதவை உயிரிகளின், அதாவது கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகளின், உற்பத்தி அவ்வளவு கூடியதாக, செயற்கைக்கோள் தரவுகளை வைத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020ல் கணக்கிட்டார்கள். அங்கிருந்து ஒரே தாவலில் மீனுக்குப் போவதுதான் கோளாறு.

பக்கத்திலுள்ள பெரிங் கடலைப் பாருங்கள். 2001 முதல் 2005 வரை வெதுவெதுப்பான ஆண்டுகள். பனி சீக்கிரமே விலகியது. பொல்லாக் மீனுக்கு யோகம் என்று விஞ்ஞானிகளே நினைத்தார்கள். நடந்தது வேறு. கோப்பிபாடுகள் என்பவை அந்த மிதவைத் தாவரங்களைத் தின்னும், மீன்குஞ்சுக்கு இரையாகும் குட்டி உயிரிகள். அவற்றில் பெரியவை குறைந்து சிறியவை மிஞ்சின. பெரியதன் உடம்புக்குள் ஒரு எண்ணெய்ப் பை உண்டு. நுண்ணோக்கியில் கண்ணாடிக் குழல்போலத் தெரியும். சிறியதில் அவ்வளவு கொழுப்பு இல்லை. அந்தச் சிறியவற்றைத் தின்று வளர்ந்த பொல்லாக் குஞ்சுகள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் போதிய கொழுப்புச் சேமிப்பு இல்லாததால் அவற்றில் பல, குளிர்காலத்தைத் தாண்டவில்லை. 2006ல் சுமார் 15 லட்சம் டன்னாக இருந்த, ஓராண்டில் பிடிக்க அனுமதித்த பொல்லாக்கின் வரம்பு 2010ல் சுமார் 8 லட்சமாகச் சுருங்கியது.

உற்பத்திக் கணக்கு பச்சையத்தைத்தான் எண்ணுகிறது, எண்ணெய்ப் பையை அல்ல.