அது கனவில்லை, பெரியம்மா

என் பெரியம்மாவுக்கு 62 வயது. மட்டக்களப்பு மண்டூரில் இருக்கிறார். அடிவயிற்றில் பழைய வெட்டுத் தழும்பு இருக்கும் இடத்தில் ஹேர்னியா, அதாவது குடலிறக்கம். இருமினால் தேசிக்காய் அளவுக்குப் புடைத்து வரும், கையால் அமத்திப் பிடித்துக்கொள்வார். நாலு வருசமாக ஒப்பரேசனுக்குத் திகதி கொடுக்கிறார்கள், நாலு வருசமாக அவர் போகாமல் விடுகிறார். ஒரு முறை வெள்ளாமை வெட்டு. ஒரு முறை மூத்த மகளின் பிள்ளைக்குச் சடங்கு. ஒரு முறை ஒன்றுமே சொல்லவில்லை, முதல் நாள் இரவு கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பிடிவாதக்காரி என்று எல்லாரும் ஏசினோம். நானும்தான்.

போன வைகாசி, கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி முடிந்து வந்த இரவு, குசினி வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது காரணத்தைச் சொன்னார்.

“சின்னவள் பொறக்கக்குள்ள என்னை வெட்டித்தானே எடுத்தாங்க. அண்டைக்குப் பாதியில எனக்கு முழிப்பு வந்திட்டு புள்ள. வயித்துக்குள்ள கைய விட்டு இழுக்கிறது தெரியுது. வாய் திறக்க ஏலா, கண் திறக்க ஏலா, சுண்டுவிரலக் கூட அசைக்க ஏலா. நான் செத்துட்டன், உசிர் மட்டும் நிண்டு கேட்டுக்கொண்டு இருக்குது எண்டு நினைச்சன்.”

1997 மார்கழி அது. விடாத மழை. வயிற்றுக்குத்தோடு பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றி, வாவியைக் கடந்து குருமண்வெளித் துறையில் இறக்கி, சோதனைச் சாவடி தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நடுச்சாமம். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதப் போவதில்லை. அன்றைக்கு அங்கே நின்றவர்கள்தான் தாயையும் பிள்ளையையும் உயிரோடு தந்தார்கள், அதை நாங்கள் மறக்கவில்லை. பிள்ளையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று அவசரமாக முழு மயக்கம் கொடுத்து வெட்டியிருக்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு அப்போது சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அந்த இருட்டுக்குள் ஒரு ஆண் குரல் சொன்னது மட்டும் காதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. “கேனு லமயெக்.” என்ன அர்த்தம் என்று தெரியாமல், வெறும் சத்தமாக, வருசக்கணக்கில் அதை வைத்திருந்திருக்கிறார். சமாதான காலத்தில் பொலன்னறுவைப் பக்கமிருந்து துணி விற்க வந்த ஒருவரிடம் கேட்டாராம். பெண் பிள்ளை என்று சொன்னாராம் அவர்.

ஒப்பரேசனுக்கு மறுநாளே வாட்டில் நின்ற ஒரு தாதி மிஸ்ஸிடம் பெரியம்மா இதைச் சொல்லியிருக்கிறார். “அது கனவம்மா, மயக்க மருந்துக்கு அப்பிடித்தான் வரும், யோசிக்காதீங்க.” வீட்டில் மாமியாரிடம் சொன்னார். ஆத்துத் துறையில் நடுச்சாமம் நின்றதால் காத்துச் சேட்டை என்று பூசாரியைக் கூப்பிட்டு நூல் கட்டினார்கள். மறுகா அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இந்த 28 வருசமாக அவர் முகத்தை மூடிப் போர்த்துப் படுத்ததில்லை. மார்கழிக் குளிரிலும் கதவு ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். அது அவருடைய பழக்கம் என்று நினைத்துத்தான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம்.

அன்றிலிருந்து இந்த விடயத்தைத் தேடித் தேடி வாசிக்கிறேன். நான் டொக்டர் இல்லை, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். விளங்கிக்கொண்டதை எங்கள் சனத்துக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முழு மயக்கம் என்றால் ஒரு ஊசி, ஆள் நித்திரை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே மூன்று வேலை நடக்கிறது. நினைவை இல்லாமல் செய்ய ஒரு மருந்து. பால் போல வெள்ளையாக, கையில் ஏறும்போது எரியுமே, அந்த புரொப்போபோல் அப்படி ஒன்று. பிறகு மூச்சோடு போகும் வாயு அந்த வேலையைத் தொடரும். நோவுக்கு வேறு மருந்து. தசைகளைத் தளர்த்த இன்னொன்று. தசை தளராவிட்டால் வயிற்றைத் திறந்து வேலை செய்வது கஷ்டம், தொண்டைக்குள் குழாய் வைப்பதும் கஷ்டம். தென்னமெரிக்காவில் வேட்டை அம்பில் பூசிய குராரே என்ற நஞ்சிலிருந்து தொடங்கியது இந்த மருந்தின் கதை. 1942இல் கனடாவின் மொன்றியலில் ஒப்பரேசனுக்குப் பயன்படுத்திக் காட்டிய பிறகுதான் உலகமெங்கும் பரவியது.

பெரியம்மாவின் கதைக்குச் சாவி இந்த மூன்றாவது மருந்தில் இருக்கிறது. தசை தளர்த்தும் மருந்து நினைவைத் தொடாது, நோவையும் தொடாது. நினைவு மருந்தின் அளவு ஏதோ காரணத்தால் குறைந்துவிட்டால் ஆளுக்கு முழிப்பு வரும், ஆனால் காட்ட முடியாது. தசை தளர்த்தும் மருந்து இல்லாத ஒப்பரேசன் என்றால் கையாவது அசையும், டொக்டர் கண்டுகொள்வார். நாடி ஏறும், பிரசர் ஏறும், கண்ணீர் வரும் என்பார்கள். எல்லா நேரமும் அதை நம்பியிருக்க முடியாது.

பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் மயக்க மருந்து டொக்டர்மாரின் அமைப்புகளே சேர்ந்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இப்படிப்பட்ட முறைப்பாடுகளைச் சேகரித்து 2014இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார்கள். முழு மயக்கம் கொடுத்தவர்களில் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர் முழிப்பு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். தசை தளர்த்தும் மருந்து கொடுத்தவர்களில் 8,000 பேருக்கு ஒருவர். அது கொடுக்காதவர்களில் 136,000 பேருக்கு ஒருவர். முழு மயக்கத்தில் நடந்த சிசேரியனில் 670 பேருக்கு ஒருவர்.

அந்தக் கடைசி எண்ணைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியம்மா தனி ஆள் இல்லை. அவசர சிசேரியனில் பிள்ளைக்கும் மயக்கம் போய்விடக் கூடாது, கர்ப்பப்பை தளர்ந்து இரத்தம் போகக் கூடாது என்று தாய்க்கு மருந்தை அளந்துதான் கொடுப்பார்கள். ஊசி ஏறிய கையோடு கத்தி வைக்க வேண்டும். பல நேரம் அது நடுச்சாமம். இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தால் இப்படி நடக்க வழி இருக்கிறது. இன்றைக்கு அநேகமான சிசேரியன் முதுகில் ஊசி போட்டுத்தான் நடக்கிறது, அதில் தாய் முழித்துத்தான் இருப்பார். டொக்டர்மார் கதைப்பது கேட்கும், இழுப்பது தெரியும், நோகாது. அது பிழையாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் இதைக் கூட முதலே சொல்லாமல் ஊசியைப் போட்டால், எனக்கு மயக்கம் ஏறவில்லை என்று அந்தத் தாய் பதறத்தானே செய்வார்?

அந்த அறிக்கையில் என்னை உலுக்கிய இன்னொரு விடயம். முழிப்பு வந்தவர்கள் எல்லாருக்குமே நோ இருந்தது என்றில்லை. அவர்களை மிகவும் வதைத்தது உடம்பை அசைக்க முடியாமல் கிடந்ததுதான். செத்துவிட்டோம், அல்லது இனிமேல் இப்படியே கிடக்கப் போகிறோம் என்று நினைத்தவர்கள் உண்டு. என்ன நடக்கிறது என்று அந்த நேரத்தில் விளங்கினவர்களுக்கு, அல்லது பிறகு யாராவது ஒழுங்காக விளங்கப்படுத்தினவர்களுக்கு, பாதிப்புக் குறைவாக இருந்திருக்கிறது. 1997இல் ஒரு ஆள் கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிசம் இருந்து, “ஓம் அம்மா, நீங்கள் கேட்டது உண்மைதான். உடம்பைத் தளர்த்த ஒரு மருந்து தந்தோம், அதனால்தான் அசைக்க முடியவில்லை” என்று சொல்லியிருந்தால் பெரியம்மா இத்தனை வருசம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பாரா?

சரி, கனவு வராதா என்றால், வரும். எனக்கே வந்தது.

போன வருசம் எனக்குப் பித்தப்பைக் கல் எடுத்தார்கள். மயக்கம் தெளியும் முன்னம் ஒரு கனவு. மூன்று வருசத்துக்கு முன்னர் தவறிய எங்கள் அப்பா, வீட்டு விறாந்தையில் இருந்து சட்டித் தயிரைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருக்கிறார். “வா, வந்து சாப்பிடு” என்கிறார். அவ்வளவுதான், நல்ல வெளிச்சமான கனவு. கண் முழித்ததும் சிரித்தேன் என்று மிஸ் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னதுதான் தாமதம், அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. செத்தவர் சாப்பிடக் கூப்பிட்டால் கூடாதாம். மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைத்தார்.

அம்மாவின் பயத்தை நான் மதிக்கிறேன், அவர் என்னை இழக்கப் பயந்தவர். ஆனால் அந்தக் கனவு எந்தச் சகுனமும் இல்லை. முழு மயக்கத்தில் கனவு கண்டதாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். எழும்பிய உடனே கேட்டால் ஐந்து பேரில் ஒருவர் சொன்ன ஆய்வும் உண்டு. பெரும்பாலும் சின்னக் கனவு, வீடு, வேலை, சொந்தக்காரர் என்று சாதாரணமாக, சந்தோசமாக இருக்கும். மருந்து குறைந்து ஆள் எழும்பப் போகும் நேரத்தில்தான் அநேகமாக வருகிறது என்பது ஆய்வாளர் கருத்து. இளம் ஆட்களுக்கும், வீட்டில் கண்ட கனவை நினைவில் வைத்திருக்கிறவர்களுக்கும் கூடுதலாக வருகிறது. கெட்டமின் என்ற மருந்து மட்டும் வேறு மாதிரி, மிதப்பது போல, உடம்பை விட்டு வெளியே நிற்பது போல விசித்திரமான காட்சிகளைக் கொண்டுவரும்.

ஆக, கனவும் உண்டு, முழிப்பும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கேள்வி கேட்க வேண்டும். கேட்காமலே கனவு என்று முடிவு கட்டியதுதான் என் கோபம். என் கனவில் தயிர்ச் சட்டி இருந்தது. பெரியம்மாவுக்குக் கேட்டது தனக்குத் தெரியாத மொழியில், உண்மையாகவே அங்கே பேசப்பட்ட ஒரு வார்த்தை. இது இன்று நேற்றுத் தோன்றிய விடயமும் இல்லை. 1846இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஈதர் கொடுத்துப் பலர் முன்னிலையில் ஒப்பரேசன் செய்துகாட்டினார்களே, அந்த நோயாளியே பிறகு, நோகவில்லை, மண்வெட்டியால் கழுத்தைச் சுரண்டுவது போல இருந்தது என்றுதான் சொன்னாராம்.

கேட்பதற்குக் கேள்விகள் 1970இலேயே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. நித்திரையாக முன்னம் கடைசியாக என்ன நினைவு? எழும்பியதும் முதலில் என்ன நினைவு? இடையில் ஏதாவது நினைவு இருக்கிறதா? கனவு கண்டீர்களா? இந்த ஒப்பரேசனில் உங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது எது? ஐந்தே கேள்வி. ஒரு காசும் செலவில்லை, மெசினும் தேவையில்லை. ஒரு நாள் கேட்டாலும் போதாது. சுவீடனில் 11,785 பேரிடம் இரண்டு வாரத்துக்குள் மூன்று தரம் கேட்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முதல் முறை ஒன்றுமில்லை என்றவர்கள் சிலருக்கு நாட்கள் கழித்துத்தான் நினைவு வந்திருக்கிறது. இப்படிக் கேட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஆயிரம் பேருக்கு ஒருவர் இருவர் என்று வருகிறது. தாங்களாக வந்து சொன்னவர்களை எண்ணினால் 19,000க்கு ஒருவர். வித்தியாசத்துக்குப் பல காரணம் சொல்கிறார்கள். எனக்குப் படுவது பெரியம்மாவின் காரணம்தான்: சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று வாயை மூடிக்கொள்கிறோம்.

என் ஒப்பரேசனுக்கு முதல் நாள் பின்னேரம் வந்த டொக்டரிடம், பாதியில் முழிப்பு வருமா என்று கேட்டேன். “அதெல்லாம் யோசிக்காதீங்க, நல்லா நித்திரை வரும்” என்றார். நல்ல மனிசர்தான். அவருக்கு அன்றைக்கு எத்தனை வாட்டோ, எத்தனை கட்டிலோ. ஆனால் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. மிக அரிது, இந்த மெசின் உங்கள் மூச்சில் வாயு எவ்வளவு வருகிறது என்று காட்டும், குறைந்தால் சத்தம் போடும், நான் பக்கத்தை விட்டு எழும்ப மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகப் படுத்திருப்பேன். உண்மையைச் சொன்னால் சனம் பயந்து ஓடிவிடும் என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் சொல்லாமல் விட்டதால்தான் ஒரு ஆள் நாலு வருசமாக ஓடிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் பக்கத்திலும் பிழை இருக்கிறது. மறைக்கிறோம். தினம் கசிப்புக் குடிக்கிற ஆளுக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம். நித்திரைக் குளிசை, கடும் நோவுக் குளிசை பழகினவர்களையும் டொக்டர் தெரிந்திருக்க வேண்டும். முன்னம் இப்படி முழிப்பு வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், திரும்ப வர வாய்ப்புக் கூடுதல். ஆனால் மனிசியும் பிள்ளைகளும் சுற்றி நிற்க, பக்கத்துக் கட்டில் ஆள் காது கொடுத்துக்கொண்டிருக்க, “குடிக்கிறீங்களா?” என்று கேட்டால் எந்த ஆம்பிளை ஓம் என்பார்? ஒரு திரையையாவது இழுத்துவிட்டுக் கேளுங்கள்.

பெண்கள் என்னிடம் இரகசியமாகக் கேட்கும் பயம் வேறு: மயக்கத்தில் மனசில் உள்ளதெல்லாம் உளறிவிடுவோமோ என்று. ஒப்பரேசன் நேரம் தொண்டைக்குள் குழாயோ முகமூடியோ இருக்கும், கதைக்க முடியாது. எழும்பும்போது இரண்டு சொல் முனகலாம். தண்ணி, அம்மா, நோகுது, அநேகமாக அதுதான்.

பெரியம்மாவிடம் இத்தனையையும் உட்கார்ந்து சொன்னேன். அந்த மூன்றாவது மருந்தைப் பற்றிச் சொன்னபோது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். “அப்ப நான் சாகல்ல. மருந்துதான் என்னைப் பிடிச்சு வைச்சிருந்தது?” ஓம் பெரியம்மா. “அப்ப அது காத்துச் சேட்டை இல்ல.” இல்லை பெரியம்மா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இதை அண்டைக்கே ஒருத்தரும் எனக்குச் சொல்லல்லையே புள்ள என்று அழுதார்.

இப்போது புதுத் திகதி எடுத்திருக்கிறோம். வருகிற மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வாட்டில் அவருக்கு வாய் வராது என்று தெரியும். அதனால் ஒரு தாளில் தமிழிலும், தெரிந்த ஒரு ஆசிரியரிடம் கேட்டுச் சிங்களத்திலும் எழுதியிருக்கிறேன்: “1997இல் சிசேரியன் நேரம் எனக்கு முழிப்பு வந்தது. அசைக்க முடியவில்லை. கனவு இல்லை. மயக்கம் தருகிற டொக்டருக்கு இது தெரிய வேண்டும். முடிந்த பிறகு என்னிடம் வந்து கேளுங்கள்.” கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரியம்மாவே அதைக் கம் போட்டு ஒட்டிவைத்திருக்கிறார்.