தலையை மோதிக்கொள்ளும் பிள்ளையின் வாயையும் பாருங்கள்
மனநோயாளிகள் மருந்து, உணவுக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்காததால்தான் அவர்களுக்கு உடல் நோய் முற்றுகிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது பாதி உண்மைதான். ஒலான்சபைன், குளோசபைன் போன்ற மனநோய் மருந்துகளே பசியைத் தூண்டி எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. அதற்கு நோயாளியைக் கடிந்து என்ன பயன்?

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. பேச்சு வராத, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை திடீரென்று தலையைச் சுவரில் மோதிக்கொண்டால், "அவன் சுபாவமே அப்படி" என்று மயக்க மாத்திரையைக் கூட்டிவிடுகிறார்கள். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் சொத்தையாகி ஈறு வீங்கியிருக்கலாம். காதில் சீழ், நாள்பட்ட மலச்சிக்கல் என எதுவாகவும் இருக்கலாம். சொல்ல வாய் இல்லாதவன் வேறு எப்படித்தான் சொல்வான்? முதியவர்களுக்கும் இதே கதிதான். ஓரிரு நாளுக்குள் திடீரென மனம் குழம்பிப் பிதற்றினால் அதை மறதி நோய் என்று விட்டுவிடக் கூடாது. தொற்றோ நீரிழப்போ மருந்தோ காரணமாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.